ஆறு இலை, ஆறு படம்

முருங்கை மரத்துக் காக்காவுக்கு அன்று காலையில்தான் விஷயம் புரிந்தது.

"அணிலே, நான் கொலைகாரிடா!" என்றது பக்கத்துக் கிளை அணிலிடம். "எதிர்வீட்டு மாடியில ஆறு தடவை இலை போட்டு வடை, பாயசம், சோறு வெச்சாங்க. ஆறு தடவையும் தின்னேன். கூடத்துல பாரு, மாலை போட்ட படம் ஆறு! ஒண்ணுகூடத் தப்பலை. ரெண்டு வடை தின்னப்போ ரெண்டு பேர் அழுதாங்க. எட்டு வடைக்குத் தெருவே அழுதுச்சு."

அணில் பூவைக் கொறித்தபடி கேட்டது. "முதல்ல இலையா, முதல்ல படமா?"

"அதை யார் பார்த்தா? ஆறுக்கு ஆறு சரியா இருக்கே!"

அப்போது மொட்டைத் தலையோடு ஒருவர் குடும்பத்துடன் மாடிக்கு வந்து இலை போட்டார். அதில் பன்னிரண்டு வடை. காக்காவுக்கு எச்சில் ஊறியது. ஆனாலும் அலகை இறுக்கிக்கொண்டது.

அரைமணி நேரம் ஆயிற்று. "அம்மா, நான் என்ன குறை வெச்சேன்? ஒரு வாய் எடுத்துக்கம்மா!" என்று அவர் கைகூப்பி அழுதார். சாவைக் கும்பிட்டுக் கூப்பிடுகிறார்களே என்று காக்கா விக்கித்துப்போயிற்று.

அவர் தன் ஐந்து வயது மகளை முன்னால் நிறுத்தினார். "நீ கூப்பிடு கண்ணு. உனக்குன்னா அப்பத்தா வரும்."

"அடப்பாவிகளா, இந்தப் பிஞ்சையா!" என்று அலறிய காக்கா உச்சிக்கிளைக்குப் பறந்தது.

கீழே வீடே கதறி அழுதது. ஒரு வடையைக்கூடக் காக்கா தொட்டிருக்கவில்லை.

"ஐயையோ, நான் பார்த்தாலே உசுரு போகுதே!" என்று அது கண்களை இறுக மூடிக்கொண்டது.