தப்பில்லாத இங்கிலீஷ்

“ஒன்ஸ் மோர், ப்ளீஸ்” என்றார் விசாரணை அதிகாரி. பிஸ்கட் தொழிற்சாலையின் ஓவன்காரனுக்கு உச்சி குளிர்ந்தது. நன்றாகச் சொன்னால்தானே இன்னொரு தடவை கேட்பார்கள்?

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மூன்று வாக்கியங்களையும் மறுபடி ஒப்பித்தான். பத்து நாள் மனப்பாடம், ஒரு சொல்கூட வழுக்கவில்லை. “ஐ வாஸ்” என்று தொடங்கி “வென் த ஃபயர் ஸ்டார்ட்டட்” என்று முடியும் நடு வாக்கியத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னான். அதில் ஃபயர் என்றால் நெருப்பு என்பது மட்டும் அவனுக்குத் தெரியும்.

தலைமை அலுவலகத்திலிருந்து விமானத்தில் வந்திருந்த அந்த அதிகாரிக்கு இங்கிலீஷ் தவிர வேறு பாஷை தெரியாது. அவர் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். “ஆர் யூ ஷ்யூர்?” என்றார்.

“எஸ் சார்.”

இவன் சொன்னதை அப்படியே கம்ப்யூட்டரில் அடித்துக் காகிதத்தை நீட்டினார். இவன் கையெழுத்துப் போட்டான். அவர் எழுந்து நின்று கைகொடுத்தார். கை கொடுத்தாரே ஒழிய முகத்தில் சிரிப்பில்லை. பெரிய இடத்து ஆட்கள் அப்படித்தான் என்று இவன் நினைத்துக்கொண்டான்.

வராந்தாவில் சூப்பர்வைசர் எதிரே வந்தார். “என்னப்பா, நல்லபடியா சொன்னியா?” என்று கேட்டார். இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தான். முதுகில் குத்திவிட்டு விசாரிப்பு வேறு.

போன மாதம் ஒருநாள், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, ஓவனுக்குள் பெல்ட் சிக்கி, பிஸ்கட் கருகித் தீப்பிடித்தது. சிவப்பு பட்டனை அழுத்தி ஓவனை நிறுத்தியவன் இவன்தான். அதற்கு மறுவாரம் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது. ஓவன்காரன் வேலை நேரத்தில் தூங்கியதால்தான் இத்தனை நஷ்டம் என்று அதில் இருந்ததாம். தூங்கினது நிரூபணமானால் வேலை போய்விடும்.

இவனுக்கு வயிறு எரிந்தது. கடுதாசி போட்டது சூப்பர்வைசர்தான் என்று துரை அடித்துச் சொன்னபோது, கேட்கவே பொறுக்கவில்லை. இவன் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட மனிதர் அவர். கூடவே இருந்து குழி பறிப்பார் என்று யார் கண்டது? அன்றிலிருந்து அவரோடு பேச்சு வார்த்தை இல்லை.

துரை சைக்கிள் ஸ்டாண்டில் காத்திருந்தான். துரை என்பது பட்டப்பெயர். அந்தத் தொழிற்சாலையில் இங்கிலீஷ் பேசத் தெரிந்த ஒரே தொழிலாளி அவன். ஓவனின் ஒரு முனையில் இவன், மறுமுனையில் அவன். பதினோரு வருஷமாக ஒரே டப்பாவில் சாப்பாடு.

“என்ன மச்சான், சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னியா?”

“அச்சு பிசகாம சொன்னேன் மாப்ள. ரெண்டு தடவை கேட்டு ரசிச்சாரு.”

“மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வேணும்னு கேக்கலையே?”

“நீதான் சொன்னியே, மனசுல கள்ளம் இருக்கிறவன்தான் ஆள் கேப்பான்னு.”

துரை இவனை இறுகக் கட்டிக்கொண்டான். இவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நெருப்புப் பிடித்த அன்று மாவு மூட்டைகளுக்குப் பின்னால் குறட்டை விட்டுக்கொண்டிருந்த துரையை, உதைத்து எழுப்பி வெளியே இழுத்து வந்தது இவன்தான். அதை இன்றுவரை ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை, அதிகாரியிடமும்தான். கூட்டாளியைக் காட்டிக்கொடுத்துப் பிழைக்கிற புத்தி இவனுக்கு இல்லை.

வீட்டில் ஆறாம் வகுப்பு மகள் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். “என்னடா படிக்கிற?” என்று பக்கத்தில் உட்கார்ந்தான்.

“இங்கிலீஷ்பா. ஒண்ணு நடந்துட்டிருக்கும்போது இன்னொண்ணு நடந்துச்சுன்னா எப்படிச் சொல்றதுன்னு பாடம்.” புத்தகத்தைக் காட்டினாள். ஒருத்தி குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஒருவன் நடந்துகொண்டிருந்தபோது மழை வந்தது. எல்லாவற்றுக்கும் படம் போட்டிருந்தது.

“இதெல்லாம் எனக்கு அத்துப்படி. வாஸ், வென், அவ்வளவுதானே? இன்னைக்கு ஒரு பெரிய அதிகாரிகிட்டயே பேசிட்டு வந்தேன்.”

“நீங்களா? சொல்லுங்க பாப்போம்.”

மகளிடம் மட்டும் சொல்லிக் காட்டாதே, பள்ளிக்கூட உச்சரிப்பு வேறு, குழம்பிவிடுவாய் என்று துரை தினமும் எச்சரித்திருந்தான். இனி என்ன, விசாரணைதான் முடிந்துவிட்டதே. அதிகாரி முன்னால் நின்றதுபோலவே எழுந்து நின்று மூன்றையும் ஒப்பித்தான்.

மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். “நடுவுல உள்ளதை இன்னொரு தடவை சொல்லுங்கப்பா.”

“அவரும் இப்படித்தான் கேட்டாரு” என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

“இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா?”

“தெரியாமலா? நெருப்புப் பிடிச்சப்போ நான் கண் இமைக்காம பாத்துட்டிருந்தேன்னு அர்த்தம். நம்ம துரை மாமா சொல்லிக்கொடுத்தது.”

அவள் பக்கத்தைப் புரட்டி ஒரு படத்தின் மேல் விரலை வைத்தாள். சோபாவில் ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான். அவன் வயிற்றின் மேல் ஒரு பூனை பாய்ந்துகொண்டிருந்தது. படத்துக்குக் கீழே இருந்த வரியை அவள் மெதுவாக வாசித்தாள். பூனை வரும் இடம்வரைக்கும் அது இவனுடைய நடு வாக்கியம்தான்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நெருப்புப் பிடிச்சப்போ நான் தூங்கிட்டிருந்தேன்னு சொல்லியிருக்கீங்கப்பா.”