எட்டாவது வாரம்

காசநோய் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் அவளுக்குக் கணவனின் போன் என்றாலே எரிச்சல். இரண்டு மாதமாகத் தினமும் ஒரே கேள்வி.

"அந்தக் குழாயில கிருமி வளர்ந்துதா?"

"எத்தனை தடவை சொல்றது? அது ஆமை வேகத்துலதான் வளரும். எட்டு வாரம் பார்த்துட்டுத்தான் முடிவு சொல்ல முடியும். உயிரை வாங்காதீங்க."

"இன்னிக்கோட எட்டு வாரம் முடியுதே."

அவள் பெருமூச்சு விட்டபடி கண்ணாடிக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணுமே வளரலைங்க," என்றபோது குரல் உடைந்தது.

மறுமுனையில், ஆஸ்பத்திரித் தனியறையில் ஆறு மாதமாக அடைந்து கிடந்தவன் மெல்லக் கேட்டான்.

"அப்போ என் சளியில கிருமி இல்ல. வீட்டுக்கு வந்து பாப்பாவை ஒரு தடவை தூக்கிக்கலாமா?"

"ஒரு தடவை என்ன, நாள் பூரா நீங்களே வச்சுக்குங்க. எனக்குத் தோள் விட்டுப்போச்சு."