திரும்பிய வாத்துகள்

"கூட யாரும் வரலையே?"

மகள் கதவைப் பாதிதான் திறந்திருந்தாள். நிறைமாத வயிறு வழியை மறித்துக்கொண்டு நின்றது.

"நான் மட்டும்தான். வாடகை வண்டியில வந்தேன், கீழ காத்துக்கிட்டிருக்கு" என்றாள் அம்மா. மூன்று மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் மார்போடு அணைத்திருந்த பையைக் கீழே வைக்கவில்லை.

மகள் நகர்ந்து வழிவிட்டாள். இரண்டு வருடங்களாக இந்த வீட்டில் ஒரே சட்டம்தான். அம்மா வரலாம், அப்பா வரக்கூடாது. அதை மீறினால் அம்மாவும் வர வேண்டாம், பிரசவத்துக்குக்கூட வர வேண்டாம்.

தன் கல்யாண விஷயத்தை அவள் வாய்விட்டுச் சொன்ன அன்று அப்பா அறைந்த அறையில் வலது கன்னம் மூன்று நாள் வீங்கிக் கிடந்தது. லேத் பட்டறையில் இரும்பு கடைகிற கை அது. அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. இவளும் இறங்கி வரவில்லை. பிடிவாதத்தில் இவள் மட்டும் யார் பெண்ணாம்?

"போர்வை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது, முடிஞ்சுது." அம்மா பையைப் பிரித்தாள்.

கொக்கி ஊசியால் இரண்டு நிற நூலில் படம் எழுப்புகிற மொசைக் குரோஷா அம்மாவுக்குப் புதுசு. குல்லாய், மேஜை விரிப்பு என்று சின்னச் சின்னதாகப் போட்டுக்கொண்டிருந்தவள், பேரப்பிள்ளைக்குப் போர்வை என்றதும் துணிந்து இறங்கிவிட்டாள். குரோஷா மாதிரிகள் வரைந்து விற்பதுதான் மகளின் பிழைப்பு. பிறக்கப்போகும் தன் குழந்தைக்கென்றே ஒரு தாய் வாத்தும் பின்னால் மூன்று குஞ்சுகளும் வரைந்திருந்தாள்.

ஒரு வரிசை கறுப்பு, ஒரு வரிசை வெள்ளை. பெரும்பாலும் குட்டைக் கண்ணிதான். சில இடங்களில் மட்டும் ஊசியை இரண்டு வரிசை கீழே விட்டு ஒரு நெட்டைக் கண்ணி இழுக்க வேண்டும். இழுக்க இழுக்கத்தான் படம் எழும்பி வரும்.

கட்டம் போட்ட காகிதத்தைப் பார்த்தாலே அம்மாவுக்குத் தலை சுற்றியது. அதனால் தினமும் காலையில் மகள் போனில் சொல்வாள். "முதல்ல அஞ்சு குட்டை, அப்புறம் ஒரு நெட்டை."

"முதல்ல அஞ்சு குட்டை... அப்புறம் ஒரு நெட்டை..." அம்மா ஊருக்கே கேட்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தித் திருப்பிச் சொல்வாள். காது மந்தமாகிவிட்டதோ என்று மகளுக்குக் கவலை.

இப்போது கட்டில்மேல் போர்வை விரிந்தது. மகள் குனிந்து ஓரத்தைத் தடவினாள். அம்மா போடுகிற எதுவும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாகத்தான் முடியும். இதுவோ அளவுகோல் வைத்த மாதிரி நேராக இருந்தது.

"நீயா போட்ட?"

"பின்ன யாரு போடுவா?"

"கடையில வாங்கலையே?"

"ஏண்டி, நீ வரைஞ்ச வாத்து எந்தக் கடையில விக்குது?"

அதற்குள் அம்மாவின் போன் அடித்தது. பதறிப்போய் அதை அணைத்தாள். "வண்டிக்காரர்தான். நான் கிளம்பட்டுமா?"

"இரு."

ஏதோ இடித்தது. மகள் நாலடி பின்னால் போய் நின்று முழுப் போர்வையையும் பார்த்தாள். அவள் வரைந்த வாத்துகள் வலப்பக்கம் பார்த்து நடக்கும். இந்த வாத்துகள் இடப்பக்கம் பார்த்து நடந்தன.

பின்பக்கத்தைப் பார்க்கிறோமோ என்று போர்வையைப் புரட்டினாள். அங்கே வெறும் கோடுகள்தான் இருந்தன. தலைகீழாக விரித்துவிட்டோமோ என்றால், வாத்துகளின் கால்கள் சரியாகக் கீழேதான் இருந்தன. அம்மா காலிப் பையின் காதைத் திருகிக்கொண்டு நின்றாள்.

மகள் கண்ணிகளை எண்ணினாள். ஒன்றுகூடப் பிசகவில்லை, ஆனால் படம் மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருந்தது. அவளிடம் மாதிரி வாங்குகிறவர்களில் நூற்றுக்கு ஓரிருவர் இதே புகாரோடு எழுதுவதுண்டு. மற்றவர்கள் எல்லாம் வரிசையை வலது ஓரத்தில் ஆரம்பிப்பார்கள். இதைப் போட்டவர் நூற்றிருபது வரிசைகளையும் இடது ஓரத்தில் ஆரம்பித்திருக்கிறார்.

"எத்தனை தடவை பிரிச்சுப் போட்டது?" என்று கேட்டாள் மகள்.

இனி மறைத்துப் பயனில்லை என்று அம்மாவுக்கே தெரிந்துவிட்டது.

"நாலு தடவை. எனக்கு ஏழாவது வரிசையிலயே பொறுமை போயிடுச்சு, தூக்கிப் போட்டுட்டேன். கோவிச்சுக்காதடி. பிரசவத்துக்கு வராதன்னு மட்டும் சொல்லிடாத."

தினமும் காலையில் அம்மா யாருக்காக அப்படி உரக்கத் திருப்பிச் சொன்னாள் என்பது மகளுக்கு இப்போது புரிந்தது. அவள் கை தானாக வலது கன்னத்துக்குப் போயிற்று. கோபமும் அழுகையும் ஒன்றாகப் பொங்கி வந்தன. எதை முதலில் விழுங்குவது என்று தெரியாமல் ஜன்னலோரம் போய்க் கீழே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கீழ வண்டியில உக்காந்திருக்கிற அந்த இடது கைக்காரர மேல வரச் சொல்லும்மா."