புயல் பொன்னையாவின் ஓய்வு

மல்யுத்த ரசிகர் மன்றத்தின் ஆண்டுவிழாவுக்குப் புயல் பொன்னையாவைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தார்கள். கடைசிப் போட்டியில் முதுகெலும்பு முறிந்து ஓய்வை அறிவித்தவர். மன்றத்து உறுப்பினன் மகிபாலன் அதை நம்பவேயில்லை.

“எல்லாம் கதைடா. டிக்கெட் விலைய ஏத்த கம்பெனி போடுற நாடகம். தீபாவளிப் போட்டியில நாற்காலிய உதைச்சுட்டு எந்திரிப்பாரு பாரு.”

“டாக்டர் சீட்டெல்லாம் காட்டுனாங்களேடா,” என்றான் கூட வந்த இக்பால்.

“இப்பத் தெரிஞ்சுடும்.”

பொன்னையா யாருக்கோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மகிபாலன் காலைத் தொட்டுக் கும்பிடுவதுபோல் குனிந்து, சட்டையிலிருந்து கழற்றிய பேட்ஜின் ஊசியை அவர் கெண்டைக்காலில் குத்தினான். ஊசி முழுவதும் இறங்கியது. பொன்னையா நிதானமாகக் கையெழுத்தை முடித்துவிட்டு, “பேர் என்ன தம்பி?” என்று சிரித்தபடி அவனைக் கேட்டார். அவருடைய வெள்ளை வேட்டியில் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது.

“அசரலையே மனுஷன்! என்னா நடிப்புடா!” என்று, அவன் குத்தியதைப் பார்த்துவிட்ட கூட்டம் விசிலடித்தது. எதற்கென்று தெரியாமல் பொன்னையா கைகூப்பினார். மகிபாலன் ஊசியைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவனும் தட்டினான்.