சுக்கானை உடைத்தவன்

"உன்னை யாருடா சுக்கான் மேல உட்காரச் சொன்னது? அது என்ன பீச் பெஞ்சா?"

கொட்டிவாக்கம் வீட்டு போர்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாய்சரண் காலையிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான்.

"உட்காரலை மச்சி. படகுக்குத் தார்ப்பாய் கட்டறப்போ கால் வழுக்கி விழுந்துட்டேன்" என்றான் ஜீஷான். அவன் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, உடைந்த சுக்கானை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"உன் வெயிட்டுக்கு அது யானை விழுந்த கணக்கு!"

இருவரும் பாதிப் பாதி போட்டு வாங்கிய சின்னப் பாய்மரப் படகு, டிரெய்லரோடு சரண் வீட்டு வாசலில்தான் நிற்கும். படகைத் திருப்புவதற்காக அதன் பின்பக்கம் மாட்டியிருந்த சுக்கான் இப்போது ஜீஷான் மடியில். வெளியே ஃபைபர், உள்ளே கெட்டி நுரை. ஒரு ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது.

சரண் மொபைலில் வீடியோ பார்த்து உத்தரவு போட்டான்.

"ஓரத்தைச் சரிவா தேய்க்கச் சொல்றான். நீ பள்ளம் தோண்டறே. கிணறா வெட்டறே?"

ஃபைபர் தூசி பட்டு ஜீஷான் கழுத்தைச் சொறிந்தான்.

"சொறியறதுல இருக்கிற வேகம் வேலைல இருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும். ஒட்டறதுக்கு ரெசினைக் கலக்கு. சீக்கிரம் இறுகறதுக்கு ஹார்ட்னர் இன்னும் ஊத்து."

"அளவுன்னு ஒண்ணு இருக்கு சரண்."

"கொடு இப்படி!" என்று பிடுங்கி, சரணே தாராளமாக ஊற்றினான்.

கொஞ்ச நேரத்தில் ரெசின் கலந்த டம்ளர் சூடேறிப் புகைந்தது. ஜீஷான் அலறிக்கொண்டு அதைத் துளசித் தொட்டி ஓரமாக வீசினான். டம்ளரோடு ரெசின் கல்லாக இறுகிப்போயிற்று.

"பார்த்தியா? உன் கை பட்டாலே விளங்காது!" என்றான் சரண்.

சரணின் மனைவி வர்ஷினி ஒரு தட்டு நிறைய வாழைக்காய் பஜ்ஜி கொண்டுவந்து ஜீஷான் பக்கத்தில் வைத்தாள். மின்விசிறியையும் அவன் பக்கம் திருப்பினாள்.

"உடைச்சவனுக்கு பஜ்ஜி. திட்டித் திட்டித் தொண்டை வறண்டவனுக்கு ஒண்ணும் கிடையாதா?"

"உங்களுக்கு வெந்நீர் வெச்சிருக்கேன்" என்றாள் அவள்.

புதிதாக ரெசின் கலந்து, ஃபைபர் துணியை அடுக்கடுக்காக ஒட்டி முடித்தான் ஜீஷான். காய்ந்ததும் வழவழப்பாகத் தேய்க்க உப்புத்தாள் மிச்சமில்லை.

"இதுவும் நானே போகணுமா? தலையெழுத்து! அடையார்ல வாங்கிட்டு வரேன்."

சரண் கார் சாவியை எடுத்தான். வண்டியைப் பின்னால் எடுத்து, கேட்டைத் தாண்டும்போது கண்ணாடியை இறக்கினான்.

"கத்துக்கோடா! கவனம்னா இது!"

கார் தெரு முனையில் திரும்பும்வரை இருவரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போறும் ஜீஷான்! என்னால இதுக்கு மேல கேட்டுண்டு நிக்க முடியாது" என்றாள் வர்ஷினி. "போன வாரம் இதே மாதிரி ரிவர்ஸ் எடுத்து, சுக்கானை இடிச்சு உடைச்சதே அவர்தான். 'டமால்னு என்ன சத்தம்?'னு அவர் கேட்டப்போ, நீங்க தேங்கா விழுந்ததுன்னு சொல்லிட்டேள். நம்ம தெருவுலயே தென்னைமரம் கிடையாது!"

"நல்லவேளை, அவன் அண்ணாந்து பார்க்கலை."

"எத்தனை நாள் இந்தத் திட்டை வாங்கிப்பேள்? இன்னிக்கு நானே சொல்லிடறேன்."

ஜீஷான் அவசரமாக எழுந்தான்.

"ஐயோ, வேணாம் சிஸ்டர்! ஈ.சி.ஆர். விபத்துக்கு அப்புறம் இவன் ஸ்டியரிங்கைத் தொட்டானா? நான் தினம் வந்து பேசினாலும் வாயே திறக்காம சுவத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பான். போன வாரம்தான் தைரியமா வண்டியை எடுத்தான். அன்னிக்கே இடிச்சேன்னு தெரிஞ்சா, சாவியைத் திரும்பத் தொடுவானா?"

வர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜீஷான் கழுத்தைச் சொறிந்தபடி சிரித்தான்.

"திட்டட்டும் சிஸ்டர். அவன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராதான்னு எவ்ளோ நாள் காத்துட்டு இருந்தோம்!"