நாலு மணிக்கு வந்த ஆள்

ஆராதனை அறையில் ஒரே சட்டம்தான். நற்கருணையை, இயேசுவின் உடலாக வணங்கும் அப்பத்தை, தனியே விடக்கூடாது. அடுத்த ஆள் வந்து முழந்தாளிட்ட பிறகே முந்தைய ஆள் எழலாம். கதவோரம் தொங்கிய அட்டவணையில் மூன்று மணிக்கு அம்மாவின் பெயர் இருந்தது. காலையில் காலியாக இருந்த நான்கு மணிக் கட்டத்தில் இப்போது மகனின் பெயர், அவன் கையெழுத்திலேயே இருந்தது. மகனோ ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியில், குழாய் வழியே மூச்சு வாங்கிக்கொண்டு, கண் திறக்காமல் கிடந்தான். எவனோ விளையாடியிருக்கிறான் என்று அதைப் பேனாவால் அடித்துவிட்டு உள்ளே போனாள்.

மணி நான்கு அடித்ததும் கதவு திறந்தது. இடது செருப்பைத் தேய்த்துத் தேய்த்து ஒரு நடை. எத்தனை திட்டியும் திருந்தாத நடை. அவள் பின்னால் வந்து முழந்தாளிட்டது.

"எந்திரிம்மா. இனி நான் இருக்கேன்."

அவள் திரும்பவில்லை. கதிர்ப்பாத்திரத்தின் நடுவிலிருந்த வெள்ளை அப்பத்தையே பார்த்தாள்.

"நான் எந்திரிக்க மாட்டேன். நீ போய்ப் படுத்துக்கடா கண்ணு."

ஐந்து மணி முறைக்கு வந்த டீச்சர் அவள் தோளைத் தொட்டாள். "அதான் தம்பி வந்தாச்சே அக்கா, இன்னும் எந்திரிக்கலையா?"

பைக்குள் ஒரு மணி நேரமாகப் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. அம்மா முழங்காலை இன்னும் அழுத்தி ஊன்றினாள்.