குனிஞ்சான் பூ

"பூ ஏம்மா தலையைத் தொங்கப் போட்டிருக்கு? எழவு வீடா இது?"

பிளாஸ்டர் வட்டத்தை மேசை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தபடி கேட்டார் நாணயச்சாலை இயக்குநர். உடனிருந்த இருவரும் சிரித்தார்கள்.

சிற்பி சிரிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டளவு இருந்த அந்த வட்டத்தை அவள்தான் செதுக்கியிருந்தாள். அதைத்தான் சுருக்கி நாணயத்தில் அடிப்பார்கள்.

"அது அப்படித்தான் சார் பூக்கும். மழை உள்ள இறங்காம கவிழ்ந்தே இருக்கும். பேரே குனிஞ்சான்."

"அணைக்குப் பொன்விழா. அதுல போய் குனிஞ்ச பூவா? நிமித்துங்க. எவன் பாத்திருக்கான் அந்தப் பூவை?"

அவளுடைய அம்மா பார்த்திருக்கிறாள். அணைக்காக ஊரைக் காலிசெய்து லாரி ஏறிய அன்று வேலியோரம் பூத்துக் கிடந்ததாம். அதை இங்கே சொல்லி என்ன ஆகப்போகிறது.

அந்த ஒரு பள்ளத்தாக்கில் மட்டுமே பூத்த பூ. ஐம்பது வருடமாக அதன் மேல் அணையின் தண்ணீர் நிற்கிறது. படம் எதுவும் இல்லை. அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு காய்ந்த பூ, தாளோடு தாளாக நசுங்கிக் கிடக்கிறது.

நாணயத்தில் எப்படி விழுகிறதோ அதுதான் இனி குனிஞ்சான்.

மூழ்கடித்தவர்களே இப்போது அதன் முகத்தையும் மாற்றச் சொல்கிறார்கள். அழைப்பிதழில் வேறு 'மண்ணின் உயிர்ப்புக்குச் சின்னம்' என்று அச்சடித்தாகிவிட்டது.

"நிமித்திடறேன் சார்," என்றாள்.

அடுத்த வாரம் இயக்குநரே பட்டறைக்கு வந்தார்.

புதிய வட்டத்தில் பூ விறைப்பாக நிமிர்ந்திருந்தது. இதழ்கள் விரிந்து எழும்பியிருந்தன. இலைகள்கூட, ஒன்று விடாமல், மேல்நோக்கி.

"இப்பதான் களையா இருக்கு. சும்மா மனசுல தோணினதா?"

"இல்ல சார். அதே குடும்பத்துச் செடி ஒண்ணு நர்சரியில கிடைச்சுது. அதை எதிர்ல வச்சுதான் செஞ்சேன்."

"அது நிமிந்துதானே நிக்குது?"

"நிமிந்துதான் நிக்குது சார்."

"அப்புறம் என்ன," என்று சொல்லி, நின்றபடியே ஒப்புதல் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனார்.

அவள் கை கழுவப் பட்டறையின் பின்பக்கம் போனாள்.

குழாயடியில் ஒரு கண்ணாடித் தொட்டி, விளிம்புவரை தண்ணீர். கடையில் வாங்கும்போது தலை கவிழ்ந்திருந்த செடி, வேரில் கல் கட்டப்பட்டு, அதன் அடியில் கிடந்தது. இலைகளும் பூவும் மட்டும் தண்ணீருக்குள் மேலே மேலே எழும்பி நின்றன.